ஆடு என்று சொன்னது நான்தான்

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் அக்கா தூங்குகிறாள். தூக்கத்திலும் சிரிப்பு. கலியாணம் சரிவந்துவிட்டதாம். அந்தக் கலியாணத்தை நான் இன்று பின்னேரம் சுவிஸின் சூக் நகரத்தில், பெரு என்கிற தென்னமெரிக்க நாட்டுச் சாப்பாடு விற்கும் ஓர் உணவகத்தில், ஒரே ஒரு சொல்லால் கெடுத்துவிட்டேன். இன்னும் எவருக்கும் தெரியாது. நாளைக் காலையில் நாற்பத்தொரு பேருக்குத் தெரியப்போகிறது.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் தமிழ்ப் பற்று இல்லை. அக்கா மூன்றாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டவள். என் கொப்பியைத் திறந்தாலும், எழுத்துக் கூட்டி முதல் வரியை முடிப்பதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அக்காவின் பெயர் அக்‌ஷயா. வயது இருபத்தாறு, எங்கள் ஊரான பாடனில் முதியோர் இல்லமொன்றில் தாதி. மாப்பிள்ளை கிஷோபன் அண்ணா சூக்கில் வேலை. இரண்டு பேரும் இரண்டு வருடமாகக் காதலிக்கிறார்கள். ஆனால் காதல் என்று சொன்னால் இரண்டு வீட்டிலும் கூரை பறக்கும். அதனால் எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். கலியாணம் பேசும் தில்லைநாயகி அன்ரியைப் பிடித்து, அவர் மூலமாக ஒன்றுமே தெரியாததுபோலப் பேச்சுக் கலியாணமாக மாற்றினார்கள். சாதகம் முதலில் பொருந்தவில்லை. அக்கா பிறந்தது யூலை மாதம், சுவிஸில் அது கோடை நேரம், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளிப் பார்க்கவேண்டும் என்று அன்ரி சொன்னார். தள்ளிப் பார்த்தார்கள். பொருந்தியது.

மிச்சமிருந்தது இரண்டு குடும்பமும் சந்திப்பது மட்டும்தான். வீட்டில் சந்தித்தால் அயலுக்குத் தெரியும், சரிவராவிட்டால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். பாடனில் எந்தக் கடையில் இருந்தாலும் நான்கு பேர் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பார்கள். சூக் பணக்காரர் ஊர், பயமில்லை. அங்கே எங்கள் ஆட்கள் மேசை துடைக்கத்தான் போவார்கள், மேசையில் இருக்கப் போகமாட்டார்கள். கிஷோபன் அண்ணா ஏதோ அப்போதுதான் இணையத்தில் கண்டுபிடித்ததுபோல இந்த உணவகத்தைச் சொன்னார். அதே உணவகத்தில், மூலையில் ஜன்னலோரத்து மேசையில்தான், அவரும் அக்காவும் இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி மாப்பிள்ளையின் தகப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். மதிவதனன் மாமா. பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், எங்கள் கோயில் நிர்வாகசபைத் தலைவர். எங்கள் கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. கீழே கார் ரயர் மாற்றுவார்கள், மேலே பாவம் கழுவுவோம். மாமாவுக்கு அங்கே ஒரு மைக் இருக்கிறது. போன வருடம் பாடன் ஸ்டேஷனில் நான் டோனர் என்கிற துருக்கி இறைச்சி ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு நின்றபோது அவர் ரயிலால் இறங்கினார். என்னைப் பார்த்தார், டோனரைப் பார்த்தார், கடைப் பலகையில் கன்றுக்குட்டி என்று எழுதியிருந்ததையும் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கை எடுத்தார்.

"சில வீடுகளில பிள்ளையள் றோட்டில நிண்டு மாட்டைத் தின்னுதுகள். பிறகு வந்து அதே வாயால இஞ்ச தேவாரம் பாடுதுகள். நான் பேர் சொல்லேல்லை."

பேர் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வருடத் திருவிழாவுக்குத் தேவாரம் பாட இருந்தது நான் ஒருத்திதான். நூறு தலைகள் திரும்பின. அம்மா பிறகு ஆறு மாதம் கோயிலுக்கு மாலை கட்டப் போகவில்லை. அவரை எவரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. பூவைத்தான் முதலே கட்டி முடித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவரின் மகனைத்தான் என் அக்கா விரும்பியிருக்கிறாள். சுவிஸில் வேறு பெடியன் இல்லை.

இன்று ஞாயிறு. ராகு காலம் ஆறு மணிக்கு முடியும் என்று அப்பா சொன்னார். மாமா விடவில்லை. அது ஊர்க் கணக்காம், சுவிஸ் சூரியனுக்கு ஆறு பன்னிரண்டாம். கிஷோபன் அண்ணா இதொன்றும் கேளாமல் ஐந்தே முக்காலுக்கு மேசை பதிந்துவிட்டார். நாங்கள் ஐந்து நாற்பதுக்கே போய்ச் சேர்ந்தோம். மழை. ஏரியிலிருந்து வந்த காற்றில் குடை இரண்டு தரம் மறுபக்கம் மடிந்தது. வீதிக்கு மற்றப் பக்கம் அவர்களுடைய குடும்பம் ஒரு மரத்துக்குக் கீழே நின்றது. நல்ல நேரத்துக்கு முன்னர் முகம் பார்க்கக்கூடாது என்பதால், அவர்கள் எங்களைக் காணவில்லை, நாங்களும் அவர்களைக் காணவில்லை. நடுவே உணவகத்துப் பரிசாரகர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம். பாவம், இப்படி நனையும் வாடிக்கையாளர்களை அவர் பெருவிலும் பார்த்திருக்கமாட்டார். சரியாக ஆறு பன்னிரண்டுக்கு இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே வாசலில் சந்தித்து ஆச்சரியப்பட்டன.

பரிசாரகருக்கு அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வழமையான மேசையா, வழமையான சாப்பாடா என்று டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், கேட்டார். அக்காவின் முகம் சுண்ணாம்பானது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னை என்றால், எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தாலும், டொச்சில் எவராவது வாய் திறந்தால் பெரியவர்கள் வீட்டின் கடைசிப் பிள்ளையை முன்னால் தள்ளுவார்கள். எட்டு வயதிலிருந்து நான்தான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர். நகரசபைக் கடிதம், பல் வைத்தியர், வரிப் பத்திரம் எல்லாம் என் வாயால்தான் போய் வரும். என்னைப் பற்றி என் ஆசிரியை முறையிட்ட கூட்டத்தையும் நான்தான் மொழிபெயர்த்தேன். வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள் என்று அவர் சொன்னார். வகுப்பில் துணிந்து கதைக்கிறேனாம் என்று நான் சொன்னேன். அப்பா அன்றைக்கு எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

"வாங்கோ, இருங்கோ எண்டு சொல்லுறார்" என்றேன். மதிவதனன் மாமா தலையாட்டினார். தனக்கு இவர்களுடைய டொச் விளங்காது, சப்பி விழுங்குகிறார்கள், சாப்பாட்டையும் நானே கேட்டுச் சொன்னால் நல்லது என்றார்.

முதலில் செவிச்சே வந்தது. பச்சை மீனைத் துண்டு துண்டாக வெட்டி, தேசிக்காய்ப் புளியும் வெங்காயமும் போட்ட சாப்பாடு. உலகமெல்லாம் இதைப் புகழ்கிறதாம். அம்மா கரண்டியால் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுப்பு அணைந்துவிட்டதோ என்று கேட்கச் சொன்னார். கொண்டுபோய்ப் பொரித்துத் தர ஏலுமோ என்றும் கேட்கச் சொன்னார். அது புளியிலேயே வேகிறது என்று பரிசாரகர் விளக்கினார். அம்மா அனுதாபத்தோடு கேட்டார். பிறகு கைப்பையைத் திறந்து, வெளியில் சாப்பிடப் போகும்போதெல்லாம் கொண்டு திரியும் சின்னப் போத்தலை எடுத்து, வறுத்து அரைத்த எங்கள் மிளகாய்த்தூளைச் செவிச்சேயின் மேல் தூவினார். மாமா மாட்டைத் தவிர எல்லாம் சாப்பிடுவார். சுசீலாதேவி மாமி, அதாவது மாப்பிள்ளையின் தாய், சுத்த சைவம். அவர் ஒரு வெள்ளைச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் கோப்பைகளைப் பார்க்காமலிருக்க ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் குழம்பில் கோழி வந்தபோது அப்பா, இது எங்கட சொதியல்லோ, களவெடுத்திட்டாங்கள் என்றார். அந்த மேசையில் அப்பா சொன்ன ஒரே பகிடி அதுதான். மாமா சிரிக்காதபடியால் அதையும் திருப்பி விழுங்கிவிட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவில், பிள்ளைகள் தனியாகப் பத்து நிமிடம் கதைக்கட்டும் என்று மாமா பெரிய மனது பண்ணினார். முன்பின் அறியாத அந்த இரண்டு பேரும் வெட்கத்தோடு எழுந்து, எந்தக் கொளுக்கியில் கோட்டு மாட்டுவது, எந்தப் பக்கத்துக் கதவு ஏரிக்குப் போகும் என்பதெல்லாம் எவரையும் கேட்காமலே வெளியில் போனார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

குசினிக்குள்ளிருந்து சமையற்காரி வந்தார். கட்டையான, கை பெருத்த ஒரு பெருநாட்டுப் பெண். தன் மீனுக்கு மேல் சிவப்பாக என்ன தூவியிருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். அம்மா பயந்துபோய்ப் போத்தலை நீட்டினார். அவர் உள்ளங்கையில் கொட்டி நக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பவும் நக்கினார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்நிய குசினிக்குள் மனைவியைத் தனியே விட மனமில்லாமல் அப்பாவும் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் பரிசாரகர் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் கேட்கவில்லை. சமையற்காரியின் அன்பளிப்பாம். மரக் கம்பிகளில் குத்தி, நெருப்பில் வாட்டி, ஓரம் கருகின இறைச்சி. அந்திகூச்சோ என்று பெயராம். பெருவில் தெருவுக்குத் தெரு விற்பார்களாம். மாட்டின் இருதயமாம்.

மாமா தட்டைப் பார்த்தார். அந்த மணத்துக்கு எனக்கே வாயூறியது.

"என்னவாம் பிள்ளை?"

எனக்கு அந்த நேரம் மைக் ஞாபகம் வந்தது. நூறு தலைகள் திரும்பினது ஞாபகம் வந்தது. அக்கா ஞாபகம் வரவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

"ஆடு மாமா. ஆட்டின்ர இருதயம்."

மாமா ஒரு கம்பியை எடுத்தார். மெதுவாகச் சப்பினார். கண்ணை மூடினார். இரண்டாவதை எடுத்தார். ஒவ்வொரு கம்பியிலும் உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டு இருந்தது. அப்பாவும் அம்மாவும் திரும்பி வருவதற்குள் ஏழு கம்பியும் வெறும் குச்சி. மாமி கடைசிவரை தலை நிமிரவில்லை. கோயில் தலைவர் மாட்டின் கொழுப்பு மினுங்கும் உதட்டோடு, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினார். நான் மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளிச் சிரிப்பை அடக்கினேன். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையின் மிகச் சந்தோசமான பதினைந்து நிமிடம் அது.

போகும்போது அது முடிந்தது. மற்றவர்கள் வாசலில் நிற்க, கோட்டு மாட்டுகிற இடத்தில் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சம்பந்தம் தனக்குச் சம்மதமாம், தை மாதம் எழுத்தாம், அதாவது கலியாணப் பதிவாம், அன்றைக்கு நூற்றைம்பது பேருக்கு விருந்தாம். இந்தக் கம்பி முன்னூறு வேணுமாம். பரிசாரகரிடம் சொல்லி விலைப்பத்திரம் எடுத்து அனுப்பட்டாம், நாளைக்குக் காலையில் கலியாண அலுவல் குறூப்பில் போடுவோமாம். அந்த வட்ஸ்அப் குறூப்பில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் நாற்பத்தொரு பேர்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மின்னஞ்சல் வந்துவிட்டது. சுவிஸ்காரர் எதையும் மறைக்கமாட்டார்கள். கொட்டை எழுத்தில், மாட்டு இருதயக் கம்பி, முன்னூறு.

இவ்வளவையும் எழுதிக் கொப்பியை மூடிவிட்டு இரண்டு மணித்தியாலம் யோசித்தேன். அனுப்பினால் நாளைக்குக் கலியாணம் நிற்கும். மறைத்து வைத்தால் தை மாதம் நூற்றைம்பது கோயில் சனம் மாடு சாப்பிடும், என்றைக்கோ ஒருநாள் தெரியவரும், அப்போது அம்மா ஆறு மாதமில்லை, ஆயுளுக்கும் கோயில் வாசலை மிதிக்கமாட்டார். அக்காவை எழுப்பிச் சொல்ல இரண்டு தரம் கையை நீட்டினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். கடைசியில் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி மாமாவுக்கு எழுதினேன். "மாமா, அது ஆடு இல்லை, மாடு. நான் தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான். அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ, கலியாணத்தைக் குழப்பாதேங்கோ."

அனுப்பி மூச்சு விடுவதற்குள் இரண்டு கோடும் நீலமானது. மனிதர் நித்திரை கொள்ளவில்லை. உடனே ரெலிபோன் அடித்தது. சத்தத்தை நிறுத்தப் போன அவசரத்தில் அது தண்ணீர்த் தொட்டிக்குள் விழப் பார்த்தது.

"பிள்ளை, முதல்ல அந்த மெசேச்சை அழி" என்றார். குரல் இரகசியமாக இருந்தது. பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். அவரும் குளியலறைக்குள்தான் நின்றார்.

அழித்தேன்.

"ஆட்டின்ர இருதயம் எவ்வளவு பெரிசெண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"உன்ர பொத்தின கையளவு வராது. நீ காட்டின கம்பியில ஒரு துண்டே அந்தளவு. தொண்ணூற்றொண்டில வந்து பன்னிரண்டு வருஷம் லுசேர்னில ஒரு ஹோட்டல் குசினியில நிண்டனான் பிள்ளை. மாட்டு இருதயம் கழுவி, நரம்பு எடுத்து வெட்டுறதுதான் என்ர வேலை. எனக்கு நீ ஆடு காட்டுறாய்."

தெரிந்தும் ஏன் சாப்பிட்டார் என்று கேட்டேன். அவர் குழாயை இன்னும் கூடத் திறந்துவிட்டார்.

"பன்னிரண்டு வருஷம் வெட்டினனான். ஒரு துண்டு வாயில வைக்கேல்லை. மற்றப் பெடியள் வாட்டித் தின்னுவாங்கள், நான் மணத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்." பிறகு குரல் பழையபடி தலைவர் குரலானது. "நீ ஆடெண்டு சொன்னாய். நான் ஆடெண்டுதான் சாப்பிட்டனான். பாவம் சொன்ன ஆளுக்குத்தான்."

இன்னும் இருந்தது. பரிசாரகர் அக்காவிடம் வழமையான மேசையா என்று கேட்டதும் அவருக்கு விளங்கியிருக்கிறது. டொச் முழுவதும் விளங்கியிருக்கிறது. நான் அதை வாங்கோ, இருங்கோ என்று மாற்றினபோது, கண் இமைக்காமல் மாற்றினபோது, இந்தப் பிள்ளை இருக்கிற குடும்பம் தங்களுக்குத் தோதான குடும்பம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாராம். சாதகத்தைவிட அது முக்கியமாம்.

நான் அதையும் ஆடாக்கித்தான் அனுப்புவேன் என்று நினைத்தாராம்; இனி விலைப்பத்திரத்தைக் குறூப்பில் போடவேண்டாம் என்றார். உணவகத்துக்கு எழுதி, விசேட கம்பி என்று மட்டும் போட்டுத் திருப்பி எடுக்கட்டாம். எழுத்து நாளில் மேசைக்கு மேசை வைக்கிற அட்டையில் ஆட்டு இருதயம் என்று தமிழில் நானே வடிவாக எழுதட்டாம். என் தமிழ் நல்ல தமிழாம்.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "அப்ப என்ர டோனர், மாமா?"

"அது நீ ஆக்களுக்கு முன்னால திண்டனி."

அவ்வளவுதான் அவர் சொன்ன விளக்கம். வைக்கப்போகும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, வாற திருவிழாவுக்குத் தேவாரம் நான்தான் பாடவேண்டும் என்றார். திருவிழா மாலைகளையும் அம்மாதான் கட்டவேண்டுமாம்.

இப்போது திரும்பவும் கட்டிலில் இருந்து மிச்சத்தை எழுதுகிறேன். அக்காவின் கலியாணம் நடக்கும். நான் அழவேண்டுமா சிரிக்கவேண்டுமா என்று தெரியவில்லை. முதலில் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். இனி அவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். வங்கிக்காரர், வரிக்காரர், வைத்தியர், எவர் முன்னாலும் என்னைத்தான் தள்ளிவிடப்போகிறார். நான் எதைச் சொல்ல வேண்டுமோ அதை அவர் சொல்லாமலே நான் சொல்லவேண்டும். முன்னூறு கம்பியையும் எங்கள் ஆட்கள் சப்பிச் சப்பிச் சாப்பிடும்போது நான் அந்த அட்டைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். அம்மா ஒரு கம்பியை எடுத்தால் என்ன செய்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. அம்மாவுக்காவது அன்றைக்கு வயிறு சரியில்லாமல் போகவேண்டும்.

ரெலிபோன் இப்போது ஒருதரம் அதிர்ந்தது. மாமாதான். இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்கிற வரிக்குக் கீழே, ரோசாப்பூ மாலை போட்ட ஒரு பிள்ளையார் படம் வந்திருக்கிறது. இனிய திங்கட்கிழமையாம்.